சத்தம் போடவில்லை என்றால் சரிதான்

"மிரட்டி உல்லாசம்: வாலிபர் கைது." தமிழ்ப் பேப்பர் படிச்சு வளந்த யாருக்கும் இந்த மாதிரி தலைப்பு புதுசு இல்ல. உள்ள போய்ப் படிச்சா முதல் வரியில கத்தியக் காட்டி மிரட்டியிருப்பான், ரெண்டாவது வரியில அதே ஆள் "பலமுறை உல்லாசமாக இருந்துள்ளார்", மூணாவது வரியில அந்தப் பொண்ணு போலீஸ்ல புகார் குடுத்திருக்கும். கத்திக்கும் உல்லாசத்துக்கும் நடுவுல ஏதோ இடிக்குதேன்னு எழுதினவருக்கும் தோணல, படிக்கற நமக்கும் உறுத்தறதில்ல. உல்லாசப் பயணம், உல்லாசக் கப்பல்னு சொல்றோமே அதே வார்த்தைதான். அதப் போட்ட உடனே காட்சியே மாறிப்போகுது, குற்றம் நடந்த எடத்துல ரெண்டு பேர் சேந்து ஜாலியா இருந்த மாதிரி.

பத்திரிகைக்காரங்கள திட்டிட்டுப் போறதுக்காக இத எழுதல. எனக்குச் சோறு போடறது மொழிபெயர்ப்பு வேலை, அதுலயும் பாதிக்கு மேல சட்டம் சம்பந்தப்பட்ட காகிதம், தீர்ப்பு, வாக்குமூலம், மனு இப்படி. பாலியல் வன்கொடுமை கேஸ் தீர்ப்புங்கள வரிசையா படிச்சுக்கிட்டே வந்தா பேப்பர்ல பாத்த அந்த உல்லாசம் கோர்ட்லயும் இருக்கறது தெரியும், என்ன, அங்க கருப்பு கோட்டு போட்டுக்கிட்டு இருக்கும். 1994ல கனடாவுல லிண்டா கோட்ஸ், ஜேனட் பாவெலாஸ், ஜேம்ஸ் கிப்சன்னு மூணு பேர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துத் தீர்ப்புகள எடுத்து வச்சு வார்த்தை வார்த்தையா ஆராய்ச்சி பண்ணினாங்க. ஒருத்தர் இன்னொருத்தர் மேல நடத்தின தாக்குதல விவரிக்கறப்ப, ரெண்டு பேர் விருப்பப்பட்டு சேந்து செய்யற காரியத்துக்கான வார்த்தைங்கதான் திரும்பத் திரும்ப வருதுன்னு அவங்க காட்டினாங்க. "முத்தம் குடுத்தான்"னு எழுதினா வாங்கிக்கறதுக்கும் ஒரு ஆள் இருக்கற மாதிரி ஆகிடுது இல்லையா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வாய இறுக்கி மூடிக்கிட்டு இருந்த ஒருத்தி மேல நடந்தது முத்தமா?

நம்ம ஊர்ல இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு, 1978 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆதிவாசிப் பொண்ணு, சின்ன வயசு, ராத்திரி நேரம், போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள, ரெண்டு போலீஸ்காரங்க. (அந்த கேஸ சட்டப் புத்தகத்துல போலீஸ்காரர் பேர்ல போட்டிருக்காங்க, ஆனா வெளிய இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் அந்தப் பொண்ணு பேரச் சொல்லித்தான் பேசறாங்க. நான் சொல்லல.) 1974ல செஷன்ஸ் கோர்ட் அந்தப் பொண்ண பயங்கரப் பொய்க்காரின்னு எழுதுச்சு, ஏற்கனவே உடலுறவுக்குப் பழக்கப்பட்டவன்னு எழுதுச்சு, தன்னோட காதலன் முன்னாடி நல்லவ மாதிரி காட்டிக்கத்தான் இப்படிச் சொல்றான்னும் காரணம் கண்டுபிடிச்சுது. ஹைகோர்ட் அத மாத்துச்சு. பயத்துல அடங்கிப்போறது வேற, சம்மதம் வேற, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்கன்னு தெளிவா சொல்லி தண்டனை குடுத்துச்சு. அப்பறம் உச்ச நீதிமன்றத்துல எல்லாம் தலைகீழ். உடம்புல காயம் இல்ல, அதனால எதிர்த்துப் போராடினேன்னு சொல்றது பொய், நடந்தது அமைதியான விவகாரம்னு முடிச்சாங்க. ரெண்டு பேரும் விடுதலை.

"அமைதியான விவகாரம்." ராத்திரி போலீஸ் ஸ்டேஷன்ல கதவச் சாத்தின பிறகு ஒரு கூலிக்காரப் பொண்ணு சத்தம் போடாம இருந்தா அது அமைதியாம். இந்த ஒரு சொற்றொடர நான் எத்தன தடவ படிச்சிருப்பேன், ஒவ்வொரு தடவையும் இத டைப் பண்ணினவருக்குக் கை கூசலையான்னுதான் தோணும். அடுத்த வருஷமே, 1979ல, உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார்னு நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினாங்க, நாடு பூரா பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தாங்க, 1983ல சட்டத்தையே திருத்தினாங்க. காவல்ல இருக்கற பொண்ணு சம்மதிக்கலன்னு சொன்னா சம்மதம் இல்லன்னே கோர்ட் எடுத்துக்கணும், பாதிக்கப்பட்டவங்க பேர வெளியிடக் கூடாது, விசாரணை மூடின கோர்ட்ல நடக்கணும், இதெல்லாம் அப்ப வந்ததுதான். ஒரு தீர்ப்போட வார்த்தைங்க இவ்வளவு கோபத்தக் கிளப்பி சட்டத்தையே மாத்தின சம்பவம் இங்க அதிகம் கிடையாது.

ஆனா அந்தத் தீர்ப்புல என்னை அதிகமா யோசிக்க வச்சது "பொய்க்காரி" இல்ல. திட்டு கண்ணுக்குத் தெரியும், எதிர்க்கலாம். வாக்கியத்தோட அமைப்புதான் தெரியாமயே வேலை பாக்குது. ஏதாவது ஒரு விடுதலைத் தீர்ப்ப எடுத்து வினைச்சொல்லுங்கள மட்டும் அடிக்கோடு போட்டுப் பாருங்க. அவ போனா, அவ உக்காந்தா, அவ குடிச்சா, அவ சிரிச்சா, அவ கதவத் தெறந்தா, அவ கத்தல, அவ ஓடல, அவ மறுநாள் வேலைக்குப் போனா, அவ மூணு நாள் கழிச்சுத்தான் புகார் குடுத்தா. அவன்? அவனுக்கு வினைச்சொல்லே கிடையாது. "சம்பவம் நடந்தது", "உறவு ஏற்பட்டது". மழை பெஞ்ச மாதிரி, கரண்ட் போன மாதிரி நடந்திருக்கு. குற்றம் சாட்டப்பட்டவன் கேஸ்ல இருக்கான், வாக்கியத்துல இல்ல.

தமிழ்ல எழுவாயே இல்லாம வாக்கியம் எழுதிட முடியும்ங்கறதால நமக்கு இது இன்னும் சுலபம். "இளம்பெண் பாலியல் வன்கொடுமை"ன்னு தலைப்பு போட்டா போதும், செஞ்சவன் யாருமே தேவையில்ல. போதாக்குறைக்கு "பறிகொடுத்தார்"னு ஒரு வார்த்தை வேற வச்சிருக்கோம். பறிச்சது அவன், ஆனா வினைச்சொல்லுல அவதான் கொடுக்கறா. "சிக்கினார்"னாலும் அவ, "ஏமாந்தார்"னாலும் அவ, "சீரழிந்தார்"னாலும் அவதான். "கற்பழிப்பு"ங்கற வார்த்தைய நெறய பேர் இப்ப விட்டுட்டாங்க, பாலியல் வன்கொடுமை, வல்லுறவுன்னு எழுதறாங்க, நல்லதுதான். ஆனா பேர மாத்திட்டு வாக்கியத்த அப்படியே வச்சிருக்கோம். 1995ல நான்சி ஹென்லி குழுவோட ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, ஒரே செய்திய செய்வினையிலயும் செயப்பாட்டு வினையிலயும் எழுதிப் படிக்கக் குடுத்தாங்க. செயப்பாட்டு வினையில படிச்ச ஆம்பளைங்களுக்கு செஞ்சவன் மேல வர்ற பழியும் கொறைஞ்சுது, அந்தப் பொண்ணுக்கு நேந்த கேடும் சின்னதா தெரிஞ்சுது.

நடத்தையப் பத்தின பேச்சுக்கு வரலாம். 1872ல வெள்ளைக்காரன் எழுதின இந்திய சாட்சியச் சட்டத்துல 155ஆம் பிரிவு, நாலாவது உட்பிரிவு: வன்புணர்ச்சி கேஸ்ல புகார் குடுத்த பொண்ணு பொதுவா ஒழுக்கங்கெட்ட நடத்தை உள்ளவன்னு காட்டலாம். காட்டலாம்னா, எதிர்த்தரப்புக்கு அது சட்டம் குடுத்த உரிமை. 2002 கடைசியிலதான் அத எடுத்தாங்க, அதாவது 130 வருஷம். அதுக்கும் முன்னாடி போனா பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து நீதிபதி மேத்யூ ஹேல். இந்தக் குற்றச்சாட்டு சுமத்தறதுக்கு சுலபம், நிரூபிக்கறது கஷ்டம், குற்றம் சாட்டப்பட்டவன் எவ்வளவுதான் நிரபராதியா இருந்தாலும் அவன் தன்னக் காப்பாத்திக்கறது அதவிடக் கஷ்டம்னு எழுதி வச்சாரு. அவர் செத்து ரொம்ப நாள் கழிச்சு 1736ல அது அச்சாச்சு, அப்பறம் இருநூறு வருஷத்துக்கும் மேல பல நாட்டு நீதிபதிகள் ஜூரிகிட்ட, அதாவது தீர்ப்பு சொல்ல உக்கார வச்ச பொதுமக்கள்கிட்ட, இத மந்திரம் மாதிரி ஒப்பிச்சிருக்காங்க. கலிஃபோர்னியாவுல இனி இது வேணாம்னு கோர்ட் சொன்னது 1975ல. திருட்டு கேஸ்லயோ மோசடி கேஸ்லயோ "திருட்டுப் புகார் குடுக்கறது ரொம்ப சுலபம், ஜாக்கிரத"ன்னு எந்த நீதிபதியாவது ஜூரிக்கு உபதேசம் பண்ணினதா நான் படிச்சதில்ல.

டாக்டர் ரிப்போர்ட்ல இந்தப் பேச்சுக்கு இன்னொரு வேஷம். "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்"ங்கற வரி, இரு விரல் பரிசோதனை (டாக்டர் பிறப்புறுப்புக்குள்ள ரெண்டு விரல விட்டுப் பாக்கறது) முடிவுன்னு வரும். மருத்துவ மொழியில இருக்கறதால அது ஏதோ விஞ்ஞானம் மாதிரி தெரிஞ்சுது, உண்மையில 155(4)தான் வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு. 2013ல உச்ச நீதிமன்றம் இது அந்தப் பொண்ணோட அந்தரங்கத்த மீறுதுன்னு சொல்லுச்சு, 2014ல மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதல் குடுத்துச்சு, அப்பவும் நிக்கல, 2022 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் இனி யாராவது செஞ்சா அது ஒழுங்கீனக் குற்றம்னு சொல்ல வேண்டி வந்துச்சு.

உடுப்பப் பத்தின கதைங்கள சீக்கிரமா சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா எல்லாம் ஒரே கதைதான். 1998ல கனடாவோட ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிபதி ஒருத்தர், வேலைக்கு இன்டர்வியூக்குப் போன 17 வயசுப் பொண்ணப் பத்தி, அவ ஒண்ணும் தலைய மூடின குல்லாவும் பழைய காலத்துப் பாவாடையுமா போகலயேன்னு எழுதினாரு, அடுத்த வருஷம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பத் தூக்கிப் போட்டுச்சு. 1999ல இத்தாலியில இறுக்கமான ஜீன்ஸ அவளே ஒத்துழைக்காம கழட்ட முடியாதுன்னு ஒரு தீர்ப்பு. 2018ல அயர்லாந்துல கார்க் நகரத்து கேஸ்ல தற்காப்பு வக்கீல் ஜூரிகிட்ட அவ போட்டிருந்த உள்ளாடையில லேஸ் இருந்துச்சு, அதப் பாருங்கன்னு சொன்னாங்க. சொன்னது ஒரு பெண் வக்கீல். ரூத் காப்பிஞ்சர்ங்கற எம்.பி. பார்லிமெண்ட்லயே அந்த மாதிரி உள்ளாடைய எடுத்துக் காட்டிக் கேள்வி கேட்டாங்க. 2014ல கனடா நீதிபதி ராபின் கேம்ப் கேஸ் இன்னும் விசித்திரம், முழங்கால சேத்து வச்சுக்கிட்டிருக்கலாமேன்னு சாட்சிக் கூண்டுல நின்ன பொண்ண அவர் கேட்டது எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசாத விஷயம், விசாரணை முழுக்க பல தடவ அவர் அந்தப் பொண்ண "குற்றம் சாட்டப்பட்டவர்"னே சொல்லியிருக்காரு. வாய் தவறினதுன்னு விட்டுடலாம், ஒரு தடவன்னா. நீதித்துறை கவுன்சில் பதவி நீக்கப் பரிந்துரை பண்ணுச்சு, 2017ல ராஜினாமா செஞ்சாரு.

இதுவரைக்கும் சொன்னது இழிவுபடுத்தற மொழி. எனக்கு இதவிடப் பெரிய பயம் புகழற மொழி மேலதான்.

1983ல குஜராத்லேர்ந்து வந்த ஒரு மேல்முறையீடு, பார்வாடா போகின்பாய் கேஸ். சின்னப் பொண்ணுங்க, அவங்களோட தோழியோட அப்பாவே குற்றவாளி. உச்ச நீதிமன்றம் தண்டனைய உறுதி பண்ணுச்சு, அந்தப் பொண்ணுங்க சாட்சியத்துக்கு வேற ஆதாரம் வேணும்னு அடம்பிடிக்கறது வெந்த புண்ணுல வேல் பாய்ச்சற மாதிரிங்கற அளவுக்குப் போச்சு. முடிவு நல்ல முடிவு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த முடிவுக்குப் போன வழி என்னன்னா, மேற்கத்திய நாட்டுப் பொண்ணு பணத்துக்காகவோ பழிவாங்கவோ பொய்ப்புகார் குடுக்கலாம், இந்தியப் பொண்ணு குடுக்க மாட்டா, ஏன்னா அவளுக்கு மானம் பெருசு, ஊர் ஒதுக்கிடும், கல்யாணம் ஆகாது, புருஷன் வெறுத்துடுவான்னு பெரிய பட்டியல். படிக்கறப்ப நம்ம பக்கம் பேசற மாதிரியே இருக்கும். ஆனா அந்தப் பட்டியல நம்பகத்தன்மைக்கு அளவுகோலா வச்ச உடனே, அதுல பொருந்தாத பொண்ணு என்ன ஆவான்னு ஒரு கேள்வி தானா வந்துடுது. மானத்தப் பத்திக் கவலப்படாதவ? கல்யாணம் வேணாம்னவ? ஊர் என்ன சொன்னா எனக்கென்னன்னு நேரா ஸ்டேஷனுக்கு வந்தவ?

அந்தக் கேள்விக்கு 37 வருஷம் கழிச்சு பதில் வந்துச்சு. 2020 ஜூன்ல கர்நாடக ஹைகோர்ட் ஒரு முன்ஜாமீன் உத்தரவுல, சம்பவத்துக்கப்பறம் களைச்சுப்போய்த் தூங்கிட்டேன்னு புகார்தாரர் சொன்னது இந்தியப் பெண்ணுக்கு அழகில்ல, நம்ம பெண்கள் அந்த மாதிரி நடந்துக்க மாட்டாங்கன்னு எழுதுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் அந்த வரியக் கோர்ட்டே நீக்கிடுச்சு. 1983 தீர்ப்பப் பாத்து இத எழுதினாங்கன்னு நான் சொல்ல வரல. ரெண்டுலயும் ஒரே "இந்தியப் பெண்"தான் உக்காந்திருக்கா, முதல் தடவ அவ காப்பாத்தினா, ரெண்டாம் தடவ மாட்டிவிட்டா. தூக்கம் வந்தது ஒரு குத்தமாங்க? அதிர்ச்சியில சில பேர் அழுவாங்க, சில பேர் சிரிப்பாங்க, சில பேர் போய்ப் பாத்திரம் தேய்ப்பாங்க. சாவு வீட்டுல இதெல்லாம் நாம எல்லாருமே பாத்ததுதானே, அங்க யாரும் "இவ அழலியே, அப்ப செத்தது பொய்"ன்னு சொல்றதில்லயே.

1996ல பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் கேஸ்ல இந்த ரெண்டு மொழியும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். பரீட்சை எழுதப் போன பள்ளிக்கூடப் பொண்ண கீழ்க்கோர்ட் நடத்தை சரியில்லாதவன்னு எழுதினத உச்ச நீதிமன்றம் கடுமையா கண்டிச்சுது, இங்க விசாரணையில நிக்கறது குற்றம் சாட்டப்பட்டவன்தான், பாதிக்கப்பட்டவ இல்லன்னு நினைவுபடுத்துச்சு, யாரோட வேணா பழகற பொண்ணா இருந்தாலும் வேணாம்னு சொல்ல அவளுக்கு உரிமை இருக்குன்னுச்சு. எவ்வளவு தெளிவு. அதே தீர்ப்புல, கொலைகாரன் உடம்பத்தான் அழிக்கறான், இவன் அந்த அபலைப் பெண்ணோட ஆன்மாவையே சிதைச்சுடறான்னும் இருக்கு. நல்ல எண்ணத்துலதான் எழுதினாங்க, தெரியுது. ஆனா தன் ஆன்மா சிதைஞ்சுபோச்சுன்னு அந்தப் பொண்ணு எங்கயும் சொன்ன மாதிரி தெரியல. அடுத்து வர்றவ சிதையாம நின்னா, நிமிந்து பதில் சொன்னா, அப்ப இவளுக்கு ஒண்ணும் ஆகலயேன்னு ஒரு வக்கீல் கண்டிப்பா சொல்லுவாரு, சொல்லியும் இருக்காங்க.

மானம்னு சட்டத்துலயே ஒரு வார்த்தை இருக்கறதால வந்த கூத்து ஒண்ணு. பழைய தண்டனைச் சட்டம் 354ஆம் பிரிவு, பெண்ணோட மானத்துக்குப் பங்கம் விளைவிக்கறது. 1966ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கேஸ் வந்துச்சு, பாதிக்கப்பட்டது ஏழரை மாசக் கைக்குழந்தை. ஏழரை மாசக் குழந்தைக்கு மானம்னு ஒண்ணு இருக்கா, இல்லாத மானத்துக்கு எப்படிப் பங்கம் வரும்னு ஹைகோர்ட்ல பெரும்பான்மை இல்லன்னு சொல்லிட்டாங்க, உச்ச நீதிமன்றத்துல மூணுல ரெண்டு பேர் பெண்ணாப் பொறந்ததுமே அது உண்டுன்னு சொல்லி தண்டனை குடுத்தாங்க, ஒருத்தர் ஒத்துக்கல. குழந்தைக்குக் காயம் இருந்துச்சுங்க. கைய வச்சவன் யாருன்னும் தெரியும். ஆனா நாட்டோட உயர்ந்த கோர்ட் உக்காந்து பேசினது குழந்தையோட மானத்தப் பத்தி. 2024 ஜூலையில அதுக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதாங்கற புதுச் சட்டம் வந்துச்சே, அதுல 74ஆம் பிரிவாப் போயி அந்த வார்த்தை பத்திரமா இருக்கு. 2012ல குழந்தைங்கள பாலியல் குற்றத்துலேர்ந்து காப்பாத்தற போக்ஸோ சட்டத்த எழுதினப்ப இந்த வார்த்தை இல்லாமயே அழகா எழுதினாங்க, உடம்புல எங்க தொட்டான், என்ன செஞ்சான், எந்த நோக்கத்துலன்னு. அப்ப முடியாததுன்னு இல்ல.

2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமே, சந்திரசூட் தலைமை நீதிபதியா இருந்தப்ப, பாலினப் பார்வை சம்பந்தமா ஒரு கையேடு போட்டாங்க. எந்த வார்த்தைக்குப் பதிலா எந்த வார்த்தைன்னு பட்டியல். கற்புள்ள பெண்ணுன்னு எழுதாதீங்க, பெண்ணுன்னு எழுதுங்க. கவர்ச்சியான உடைன்னு எழுதாதீங்க, உடைன்னு எழுதுங்க. எனக்குப் பிடிச்சது இந்த ரெண்டும், ஏன்னா ரெண்டுலயும் புது வார்த்தை எதுவும் சேக்கல, இருக்கற அடைமொழிய வெட்டறாங்க. எடிட்டிங் தெரிஞ்ச யாரோ கூட இருந்திருக்காங்க.

சரி, அப்ப புகார் குடுத்தவங்கள என்னன்னு சொல்றது? இங்கதான் என் நண்பர்களோட எனக்குச் சண்டை வரும். "பாதிக்கப்பட்டவர்"னு சொல்லணும்னு ஒரு கட்சி, "மீண்டவர்"னு சொல்லணும்னு இன்னொரு கட்சி. நான் விசாரணை முடியற வரைக்கும் "புகார்தாரர்" போதும்ங்கற கட்சி. 2016ல இங்கிலாந்துல ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் ஹென்ரிக்ஸ் லண்டன் போலீஸோட ஒரு விசாரணைய ஆய்வு பண்ணி, குற்றம் நிரூபணமாகறதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவர்ங்கற வார்த்தைய விடுங்க, அது முடிவ முன்னாடியே சொல்லிடுதுன்னு எழுதினாரு. அந்த விசாரணையில புகார் குடுத்த ஆள் சொன்னது அத்தனையும் கட்டுக்கதை, 2019ல அவரே சிறைக்குப் போனாரு. அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு. எதிர்க்கூண்டுல நிக்கறவனுக்கும் நியாயம் இருக்கு, அத மறந்துட்டு எழுதினா நாமளும் ஹேல் பண்ணின வேலையத்தான் மறுபக்கத்துலேர்ந்து பண்றோம். கோர்ட்டுக்கு வெளிய, அவங்க தன்ன என்னன்னு கூப்பிடச் சொல்றாங்களோ அதான்.

ஆனா நடுநிலைங்கற பேர்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட முடியாது. 2011ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல பாபி ஃப்ராங்க்ளின்னு ஒரு சட்டமன்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தாரு, சட்டத்துல பாதிக்கப்பட்டவர்ங்கற எடத்துல எல்லாம் குற்றம் சுமத்துபவர்னு மாத்தணும்னு. எல்லாக் குற்றத்துக்கும்னா யோசிக்கலாம். அவர் கேட்டது வன்புணர்ச்சி, பின்தொடர்ந்து தொல்லை குடுக்கறது, குடும்ப வன்முறை, இந்த மாதிரிக் குற்றங்களுக்கு மட்டும். வீட்டுல திருடு போனவர் பாதிக்கப்பட்டவராவே இருப்பாரு. நல்லவேளை அது நிறைவேறல.

அதே அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்து கேஸ் இதவிட மோசம். 2006ல அங்க நடந்த ஒரு விசாரணையில நீதிபதி, குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்படக் கூடாதுன்னு சில வார்த்தைகளுக்குத் தடை போட்டாரு. வன்புணர்ச்சி, பாலியல் தாக்குதல், பாதிக்கப்பட்டவர், தாக்கியவர், எதுவும் சாட்சி வாயில வரக் கூடாது. உடலுறவுன்னு சொல்லலாம், அதுக்குத் தடை இல்ல. வக்கீல்களுக்கு இந்தத் தடைன்னா கூடப் பரவாயில்ல, புகார் குடுத்த பொண்ணுக்கே. தனக்கு நடந்தத, சத்தியப் பிரமாணம் எடுத்துக்கிட்டு, "உடலுறவு வச்சுக்கிட்டோம்"ங்கற மாதிரி சொல்லணும், ஜூரிக்குத் தடை இருக்கறதே தெரியாது. நடுவுல நடுவுல தயங்கித் தயங்கி வார்த்தை தேடற ஒரு சாட்சிய ஜூரி எப்படிப் பாப்பாங்க? பொய் சொல்றவ மாதிரிதானே தெரியும். முதல் விசாரணையில ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியல, 2007ல மறு விசாரணை தொடங்கும்போதே செல்லாததா ஆயிடுச்சு. நடுநிலைன்னு நினைச்சு அவங்க வச்ச "உடலுறவு" நடுநிலையான வார்த்தை இல்ல, அது எதிர்த்தரப்போட வாதம். சம்மதம் இருந்துச்சுங்கற கட்சிக்காரரோட வார்த்தைய எடுத்து சம்மதம் இல்லன்னு சொல்ற சாட்சி வாயில திணிச்சிருக்காங்க.

இதே திணிப்பு நம்ம கோர்ட்ல தினமும் நடக்குது, அதுக்குத் தடையுத்தரவுகூடத் தேவையில்ல. சாட்சியம் பதியற முறை அப்படி. வெளிய இருக்கறவங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்ல, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். குறுக்கு விசாரணையில வக்கீல் கேள்வி கேப்பாரு, சாட்சி பதில் சொல்லுவாங்க, நீதிபதி அத டிக்டேட் பண்ணுவாரு, ஸ்டெனோ அடிப்பாங்க. பதிவாகறது கேள்வியும் பதிலும் இல்ல, சாட்சியே தானா பேசின மாதிரி ஒரு கதை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 276ஆம் பிரிவு செஷன்ஸ் கோர்ட்டுக்குச் சொன்னதும் அதான், சாதாரணமா கதை வடிவம், நீதிபதி விரும்பினா கேள்வி-பதில் வடிவம். அப்ப ஒரு வக்கீல் "பக்கத்து வீட்டுல ஆள் இருந்தாங்களாம்மா?"ன்னு கேக்கறாரு, இருந்தாங்கங்கறா. "நீங்க சத்தம் போடலயே?" அவ ஏதோ சொல்ல வர்றா, வாயப் பொத்தியிருந்தான், பயத்துல குரல் வரல, ஏதோ ஒண்ணு. "ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க." இல்லங்க, போடல. காகிதத்துல என்ன வருது?

"பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். நான் சத்தம் போடவில்லை என்றால் சரிதான்."

கீழ்க்கோர்ட் ஆவணம் படிச்சவங்களுக்கு இந்த "என்றால் சரிதான்", "என்று சொன்னால் சரியல்ல" நல்லாவே பழக்கம். வக்கீலோட வாக்கியம் அது, அவரு தேர்ந்தெடுத்த வார்த்தை, அவரு வச்ச வரிசை. ஆனா "நான்"னு தொடங்குது. கீழ கையெழுத்து அவளோடது. வருஷக்கணக்கா கழிச்சு ஹைகோர்ட்ல மேல்முறையீடு வரும்போது அந்த நீதிபதி அவ முகத்தப் பாக்கல, குரலக் கேக்கல, இந்தக் காகிதம்தான் அவ. "தானே ஒப்புக்கொண்டுள்ளார்"னு தீர்ப்புல எழுதுவாரு. கேள்வியில இருந்த நக்கல், நடுவுல அவ அழுதது, வாய அடைச்சது, எல்லாம் போச்சு. "நான் பணம் பறிக்கும் நோக்கத்தில் பொய்ப் புகார் கொடுத்துள்ளேன் என்று சொன்னால் சரியல்ல"ன்னு ஒரு வரி அநேகமா எல்லாத்துலயும் இருக்கும். மறுத்திருக்கா, சரி. ஆனா அந்த வாக்கியத்த முழுசா அவதான் சொல்ல வேண்டியிருக்கு.

கேள்வி கேக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல, எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணைதான் உயிர். மொழிய மட்டும் மாத்த முடியுமான்னா, முடியும்னு 2004லயே சாக்ஷி எதிர் இந்திய அரசு கேஸ்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: சம்பவத்தப் பத்தி நேரடியா கேக்கற கேள்விகள எதிர்த்தரப்பு எழுதி நீதிபதிகிட்ட குடுக்கணும், நீதிபதி அத தெளிவான, கூச்சப்படுத்தாத மொழியில சாட்சிகிட்ட கேக்கலாம், நடுநடுவுல ஓய்வு குடுக்கணும். அந்தக் கேஸ் குழந்தைகளுக்கு மட்டும் இல்ல, வன்புணர்ச்சி விசாரணைக்கும் சேத்துத்தான். போக்ஸோ 33ஆம் பிரிவு குழந்தைங்களுக்கு இதச் சட்டமாவே ஆக்கி, நடத்தையப் பழிக்கற கேள்விய கோர்ட் அனுமதிக்கக் கூடாதுன்னும் சேத்துடுச்சு, கேள்வி நீதிபதி வழியாத்தான் போகணும். பெரியவங்க விஷயத்துல, எனக்கு மொழிபெயர்க்க வந்த கட்டுங்கள்ள, கேள்விய எழுதி வாங்கினதா குறிப்பு இருந்தத நான் பாத்ததில்ல. கேள்வி-பதில் வடிவத்துல பதிஞ்சது எப்பவாவது ஒண்ணு ரெண்டு வரும். அதுல ஒண்ணுல நீதிபதி நடுவுல அடைப்புக்குறி போட்டு "சாட்சி பதிலை முடிக்க அனுமதிக்கப்படுகிறார்"னு பதிஞ்சிருந்தாரு, அடுத்த ஆறு வரியும் அந்தப் பொண்ணோட சொந்த வார்த்தை, கொச்சையா, முன்ன பின்ன மாறி, "அவன் கைய எடுக்கவே இல்லீங்க"ன்னு. மொழிபெயர்க்கறதுக்கு மத்த பக்கமெல்லாம் சேந்து ஆன நேரம் அந்த ஆறு வரிக்கு ஆச்சு.